கால்ல மருதாணி

மாடி வீட்டு அக்காவிடம் ஒரே கேள்விக்கு ஒரே பதிலை யாரும் இரண்டு முறை வாங்கியதில்லை. கேள்வி என்னவோ எப்போதும் ஒன்றுதான். "இம்புட்டுப் பெரிய புள்ளைய எதுக்கு வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுத் திரியிறீக?" கம்பத்தில் எங்கள் தெருவில் அதைக் கேட்காத வாய் கிடையாது.

பால்காரர் கேட்டபோது, "கால்ல மருதாணி வச்சிருக்கா. காயட்டும்னு பாக்குறேன்" என்றாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "செவப்பையே காணோமே தாயி" என்றார். "காயாம எப்பிடிண்ணே செவக்கும்?" என்றாள் அக்கா. பால்காரர் யோசித்துக்கொண்டே போனார். தெருமுனையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம், "டெல்லியில ஓட்டப்பந்தயத்துக்கு எடுத்திருக்காக சார். அதுவரைக்கும் கால அலுங்காம வச்சிருக்கணுமாம்" என்று ஒரு போடு போட்டாள். பாவம், அவர் வண்டிக்குள் இருந்த அவள் மகள் சிந்துவுக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார். சிந்து அவர் கையிலிருந்த கடிகாரத்தின் வட்டத்தை மட்டும் பார்த்தாள்.

அக்காவின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவள் என்னிடம் சொன்ன பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இருந்தது வேறொன்று. எதுக்கா நிசம் என்று கேட்டால், "கூப்புடுறவுக வாயப் பொறுத்தது" என்பாள். நான் அக்கா என்றே கூப்பிட்டேன், இன்றைக்கு நினைக்கும்போதும் அப்படியேதான் வருகிறது.

2002 முதல் நாலு வருடம் அந்தக் காம்பவுண்டில் குடியிருந்தோம். கீழே நாங்கள். மாடியில் அக்கா, அவள் வீட்டுக்காரர், மகள் சிந்து. வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். காலையில் மலையேறினால் இருட்டும்போதுதான் இறங்குவார். தேவாரத்தில் நிலபுலம் உள்ள வசதியான சம்சாரி வீட்டுப் பெண்ணான அக்கா, பத்தொன்பது வயதில் இவரோடு போய்விட்டவள். அவள் ஊரில் அவளுக்கு 'ஓடுகாலி' என்று பெயர். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். "பேரு வாங்குற அளவுக்கு ஒண்ணும் ஓடலடி. தோட்டத்து வேலியத் தாண்டி ரோடு வரைக்கும் ஓடுனேன். அங்கன ஜீப்பு நின்னுச்சு, ஏறிட்டேன்" என்பாள்.

அந்த அக்கா மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நிதானமாக. அது அவள் நடை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன ஏது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது நினைத்தால் அந்த நாலு வருடமும் ஒரே காற்றாக இருக்கிறது. ஆனி பிறந்தால் மலை இடுக்கிலிருந்து இறங்கும் காற்று ஆடி முடியும் மட்டும் ஓயாது. கொடியில் போட்ட சேலையைத் தெருக்கோடியில் போய்ப் பொறுக்கி வருவோம். அந்தக் காற்றுக்குள் அக்கா வாய்க்கால் கரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டியின் பச்சைக் குடை மட்டும் பந்தலுக்கு மேலே தானாக மிதந்து போகிற மாதிரி இருக்கும். கூடவே ஒரு முனகல் கேட்கும். சிந்துவுடையது. அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஒரே சுருதியில் முனகுவாள், சந்தோஷமாக இருந்தால் அது சற்று மேலே ஏறும்.

சுற்றுகிற எதுவும் சிந்துவுக்கு உயிர். மின்விசிறி, சைக்கிள் சக்கரம், தரையில் சுழற்றிவிட்ட தட்டு, எல்லாம். அதைப் பார்த்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் காற்றில் வட்டம் போடுவாள். உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடுவாள். மதுரையில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தெருவில் அது ஒரே வாரத்தில் 'ஆட்டம்' ஆகிவிட்டது. "புள்ளைக்கு ஆட்டம்னு டாக்டரே சொல்லிட்டாராம்ல" என்று துக்கம் விசாரித்தார்கள். "ஆமா, நல்லாவே ஆடுதாம். அரங்கேற்றத்துக்கு நாள் பாக்கச் சொன்னாரு" என்று அனுப்பிவைத்தாள் அக்கா.

வண்டியின் கதையைச் சொன்னால்தான் என் கதையும் தெரியும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மகன் பிறந்ததற்குத் துபாயிலிருந்து என் அண்ணன் ஒரு குழந்தை வண்டி கொண்டுவந்தான். மஞ்சள் துணியில் வரிசையாக வாத்துப் படம் போட்டது. எங்கள் தெருவின் சாக்கடைக்கும் ஜல்லிக்கும் அது நாலடி உருளாது. கட்டிலுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. ஒருநாள் அக்கா படியிறங்கி வந்து, "அந்த வண்டிய எனக்குக் குடுக்குறியாடி? சிந்துவ வச்சுத் தள்ளலாம்னு" என்றாள்.

சிந்துவுக்கு அப்போது எட்டு முடிந்திருந்தது. "அண்ணன் வந்தா கேப்பான்க்கா" என்றேன். அண்ணன் எதையும் கேட்கிற ஆளில்லை. அந்தப் பிள்ளை உட்கார்ந்த வண்டியில் நாளைக்கு என் பிள்ளை உட்கார்ந்தால் அவனுக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். இதுதான் நிஜம். படித்தவள், பி.காம். முடித்தவள், அப்படித்தான் நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஒம் பொய்யி நல்லாத்தான்டி இருக்கு. கொஞ்சம் சின்னதாப் போச்சு" என்றாள்.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். சிந்து என்னைத் தாண்டி ஓடினாள். சிந்துவின் ஓட்டம் விளையாட்டுப் பிள்ளை ஓட்டமில்லை. திரும்பிப் பார்க்க மாட்டாள், கூப்பிட்டால் நிற்க மாட்டாள், எதிரில் என்ன வருகிறதென்றும் பார்க்க மாட்டாள். மெயின் ரோட்டில் குமுளி பஸ் வந்துகொண்டிருந்தது. அதன் சக்கரம் அவளை இழுத்திருக்கிறது. பின்னால் அக்கா, செருப்பில்லாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து. டீக்கடையிலிருந்து ஒருவர் பாய்ந்து சிந்துவின் பாவாடையைப் பிடித்திராவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அக்கா நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் டிரைவர் வைதுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வண்டியை நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

சைக்கிள் கடையில் கொடுத்து, அதன் பொடிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சின்னச் சைக்கிள் சக்கரங்களைப் போட்டார்கள். கால் வைக்க ஓர் இரும்புப் பலகை. ஜீப்பின் பழைய பச்சைத் தார்ப்பாயில் குடை. இடுப்பில் கட்ட அக்காவின் சேலைக் கரை. வாத்துத் துணி மட்டும் அப்படியே இருந்தது. முதல் நாள் சிந்து அதில் ஏறி உட்கார்ந்து, குனிந்து, பக்கத்தில் சுற்றும் சக்கரத்தையே பார்த்தாள். முனகல் மேலே ஏறியது. ஊரைச் சுற்றி வரும் வரை ஏறியபடியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அக்கா பகலில் வெளியே வர ஆரம்பித்தாள். அதற்கு முன் எட்டு வருடம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள், பாருங்கள். வெளியே வந்ததும் கேள்வியும் வந்தது, பொய்யும் வந்தது. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எள்விளக்கு போட நின்ற பெண்கள் கேட்டபோது, "சனி கால் வழியாத்தான ஏறுவாரு? அதான் கால தரையில படவிடாமப் பாத்துக்கிறேன்" என்றாள். எங்கள் கண் முன்னாலேயே ஒரு பெண் தன் ஆறு வயதுப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் கால் அவள் முழங்கால் வரை தொங்கியது. பஸ் ஸ்டாப் வரை இறக்கவேயில்லை. "அடப்பாவி அக்கா" என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் வண்டியை ஏற்றி லோயர் கேம்ப் போவோம். மலையிலிருந்து பெரிய பெரிய குழாய்கள் இறங்கும். உள்ளே தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. மின்நிலையத்தின் உறுமல் மட்டும் தரை வழியாக வரும். சிந்து வண்டியின் கம்பியில் கன்னத்தை வைத்து அதே சுருதியில் முனகுவாள். எது அவள், எது மிஷின் என்று பிரிக்க முடியாது. அக்கா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்குத் தூக்கம் வந்துவிடும். அப்படி நான் வேறெங்கும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

ஒன்று மட்டும் கவனித்திருந்தேன். ஆயிரம் பொய் சொன்னாலும், பிள்ளைக்கு நடக்க வராது என்ற பொய்யை அக்கா சொன்னதே இல்லை. அதைச் சொல்லிவிட்டால் கேட்பவர் வாய் ஒரே நொடியில் அடங்கும். "அத மட்டும் சொல்ல மாட்டேன்டி. அவகிட்டக் குறையில்லாம இருக்கது அந்தக் காலுதான்" என்று ஒரு முறை சொன்னாள்.

எங்கள் பக்கத்துக்குத் தீம் பார்க் என்றால் அது சித்திரையில் வீரபாண்டித் திருவிழாதான். ஆற்றங்கரையில் அம்மன் கோயில், ஒரு பக்கம் தீச்சட்டி, உடம்பெல்லாம் துளை போட்ட ஆயிரங்கண் பானை, சேறு பூசிய உடம்புகள், மறுபக்கம் ராட்டினமும் ஊஞ்சல் கப்பலும். வண்டி வருவதற்கு முன்பிருந்தே, வருடத்துக்கு அந்த ஒரு நாள் மட்டும் வீட்டுக்காரரின் ஜீப்பில் வந்து, அக்கா சிந்துவை ராட்டினத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவாள். ஏற்ற மாட்டாள். சிந்துவுக்குப் பார்த்தாலே போதும் என்று நினைப்பாள். ஆனால் சிந்து அங்கே ஒரு நிலையில் இருக்க மாட்டாள், காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். இரைச்சல் என்று நினைத்து அக்கா காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள்.

நான் சொல்வது 2004. அக்கா, நான், என் இடுப்பில் மகன், வண்டியில் பத்து வயது சிந்து. நாலு மணி வெயில். ராட்டினத் திடலுக்குள் போகிற வழியில் மூங்கில் கட்டி, பேட்ஜ் குத்திய ஒரு பெரியவர் நின்றார்.

"வண்டி கிண்டியெல்லாம் உள்ள விடமுடியாதும்மா. நடக்கமாட்டாத புள்ளன்னாச் சொல்லுங்க, விடுறேன். இல்லன்னா எறக்கி நடக்க விடுங்க."

அக்கா வாயைத் திறந்தாள். பொய் ஒன்று அவள் கண்ணில் முளைப்பது எனக்குத் தெரிந்தது. இனி அவள் ஆரம்பித்தால் பெரியவர் கேட்பார், இவள் சொல்வாள், கூட்டம் கூடும். என் மகன் தோளில் துவண்டு கிடந்தான். எனக்கு எரிச்சல்.

"நடக்க வராதுங்கய்யா. அதான் ஆத்தாகிட்டக் கூட்டியாந்தோம்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இருந்தாலாவது பரவாயில்லை. அவள் பார்வை சிந்துவின் காலுக்குப் போயிற்று.

சுற்றியிருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். "ஐயோ பாவம், பொம்பளப் புள்ளையா" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். மஞ்சள் சேலையும் ஈரத் தலையுமாக ஒரு பெண், கையில் வேப்பிலையோடு வந்தாள். "ஆத்தா வாசல்ல புள்ளயக் கட்டி வைக்கலாமா?" என்று சேலைக் கரை முடிச்சை அவிழ்த்தாள். அக்கா "வேணாம், வேணாம்" என்று பாய்வதற்குள், செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரைச் சிந்துவின் பாதத்தில் ஊற்றி வேப்பிலையால் தடவினாள்.

தெரியாதவர் கை பட்டாலே சிந்துவுக்கு ஆகாது. ஈரம் பட்டால் சுத்தமாக ஆகாது. அலறிக்கொண்டு எழுந்தாள். பலகையிலிருந்து குதித்தாள். ஓடினாள்.

"ஆத்தா கால் குடுத்துட்டா!" என்று அந்தப் பெண் கத்தினாள். குலவை எழுந்தது. ஒன்று, பத்து, நூறு. ஜனம் இரண்டாகப் பிளந்து நடுவே பாதை விட்டது. அந்தப் பாதையில் சிந்து ஓடினாள். பெண்கள் அவள் மிதித்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"புடிங்க! புள்ளயப் புடிங்க!" என்று அக்கா கத்தினாள்.

"விடு தாயி! ஆத்தா ஓட வைக்கிறா, ஓடட்டும்!" என்றார்கள். சாமி ஓட வைக்கிற பிள்ளையை யார் தடுப்பார்கள்? ஒருவர் அக்காவையே பிடித்து, "அழாதம்மா, சந்தோசப்படு" என்றார். திருவிழாவுக்கென்று ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். பாதை ஆற்றுப் பக்கம்தான் போயிற்று.

அக்கா அவர் கையை உதறிவிட்டு ஓடினாள். ஓடினாள் என்றா சொல்வது? ஒரு காலை இழுத்து, பத்தடிக்கு ஒருதரம் யார் தோளையாவது பற்றி, விழுந்து, எழுந்து. மகனைப் பக்கத்தில் வளையல் கடைப் பெண்ணிடம் திணித்துவிட்டு நானும் ஓடினேன். என் வாயிலிருந்து அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க முடிந்தால் நாக்கையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். ஆற்றில் தலைகள், தலைகள். எல்லாம் மஞ்சள், எல்லாம் ஈரம். எது சிந்து என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் தேடினோம் என்று சொல்லத் தெரியவில்லை. குலவைச் சத்தம் மட்டும் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

முதலில் கேட்டது முனகல். அக்காவுக்குத்தான் கேட்டது. சட்டென்று நின்று தலையைத் திருப்பினாள். ஆற்றங்கரையை ஒட்டி, கூட்டம் முடிகிற இடத்தில் ஒரு மணல்மேடு. அதன் மேல் சிந்து நின்றாள். பாதத்தில் மஞ்சளும் மண்ணும் ஒட்டியிருந்தது. திடலைப் பார்த்து நின்றாள். அங்கிருந்து ராட்டினம் முழுசாகத் தெரிந்தது. மேல் வளைவு, கீழ் வளைவு, ஒன்றும் மறையாமல், ஒரு முழு வட்டம். சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றியது. சிந்துவின் விரல் அதோடு கூடவே காற்றில் சுற்றியது. முனகல் லோயர் கேம்பில் கேட்ட அதே முனகல்.

அக்கா மணலில் தவழ்ந்து ஏறி மகளின் காலைக் கட்டிக்கொண்டாள். சிந்து விலக்கவில்லை. வெகுநேரம் கழித்து அக்கா என்னிடம், "இத்தன வருசமாப் புள்ளய ரொம்பக் கிட்டக்கக் கொண்டுபோயி நிறுத்தியிருக்கேன்டி" என்றாள். வேறெதையும் என்னிடம் கேட்கவில்லை. நான் அழுததற்கு என் முதுகை அவள்தான் தடவிக் கொடுத்தாள்.

வளையல் கடையிலிருந்து மகனை வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்புவதற்குள் செய்தி கம்பம் வந்து சேர்ந்திருந்தது. மறுநாள் காலையில் காம்பவுண்டு வாசலில் பூவும் தேங்காயுமாக முப்பது பெண்களுக்கு மேல் நின்றார்கள். ஆத்தா கால் கொடுத்த பிள்ளை கையால் திருநீறு வேண்டுமாம். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, பாதியில் நின்றாள். என்ன பொய் வரப்போகிறதோ என்று கீழே நான் அண்ணாந்து பார்த்தேன்.

"அவளுக்குக் காலு எப்பவும் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கூட ஓடமுடியல. முட்டி ரெண்டும் போச்சு. அந்த வண்டி அவளுக்கில்ல, எனக்கு" என்றாள்.

 அந்த நாலு வருடத்திலும் அக்கா அந்தக் கேள்விக்கு நேர் பதில் சொல்லி அன்றைக்கு மட்டும்தான் கேட்டேன். வேலி தாண்டி ஓடியவள், ஓடுகாலி என்று பெயர் வாங்கியவள், இனி ஓட முடியாது என்று சொல்ல எத்தனை பொய்யைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்! 

"அப்ப நடக்க வராதுன்னு சொன்னது யாரு? சாமி விசயத்துல பொய் சொல்லலாமா?" என்று முன்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சொன்னேன். என் வாயில உண்ம என்னைக்கு வந்துச்சு?" என்றாள்.

அதை எல்லோரும் உடனே நம்பினார்கள். திட்டினார்கள். முந்தின பதிலைத்தான் யாரும் நம்பவில்லை, ஆத்தா கொடுத்த காலை இவள் மறைக்கிறாள் என்று பேசிக்கொண்டே போனார்கள். நான் வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறந்திருக்க வேண்டும்.

2006இல் எங்களுக்குக் கோயமுத்தூருக்கு மாற்றலானது. அதற்கடுத்த வருடம் அக்காவும் வீட்டைக் காலி செய்துவிட்டாள் என்றார்கள். மலைக்கு மேலே என்று சிலர், மதுரைக்கு என்று சிலர். எங்கே போகிறாய் என்று ஆளுக்கு ஆள் கேட்டிருப்பார்கள், அவளும் ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பாள்.

2010 கோடை விடுமுறையில் மகனைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வெளியே ஒரு தீம் பார்க் போயிருந்தேன். டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா, சின்ன வயசு. அவள் தள்ளிய வண்டியில் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன், முழங்கால் மடங்கி முகத்துக்கு நேரே வந்திருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "ஏம்மா, இவ்வளவு பெரிய பையனை வண்டியில வச்சுத் தள்றீங்க? நடக்க மாட்டானா?" என்றார். அவள் முகம் சிவந்தது. பதில் தேடி உதடு அசைந்தது, வரவில்லை.

ஆறு வருடமாக மூடி வைத்திருந்த என் வாய் தானாகத் திறந்தது.

"கால்ல மருதாணி வச்சிருக்கான் சார்" என்றேன். "காயட்டும்."